கைத்தட்டல் பதிவேடு

பயிர்க்காவல் ஆயுத உரிமப் பிரிவின் வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. ஆயுதங்களுடன் உள்ளே வருவது குற்றம் என்கிறது முதல் பலகை. உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவர்கள் ஆயுதத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்கிறது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பார். எந்தப் பலகையை யாருக்குக் காட்டுவது என்பது அவர் பொறுப்பு.

முருகையாவுக்கு இது பழகிப்போன விஷயம். பதினோரு ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஒரு முறை, தன் ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கோணிப்பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மந்தின் என்ற ஊரின் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வருவார். காவலாளி முதல் பலகையைக் காட்டுவார். முருகையா இரண்டாவது பலகையைக் காட்டுவார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். மூன்றாம் மாடியில் ஒரு முத்திரை விழும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்.

அந்தத் துப்பாக்கி காவல் காத்தது மூன்றரை ஏக்கர் நிலத்தை. புக்கிட் செலாசி தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, அங்கே செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த முருகையா ஓரத்தில் ஒரு துண்டை வாங்கினார். அவருடைய தாத்தாவும் அப்பாவும் ஆயுள் முழுக்க அடுத்தவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பெயர் எழுதப்பட்ட மண் அது. வாழை, மரவள்ளி, நடுவில் அறுபத்திரண்டு டுரியான் பழமரக் கன்றுகள். நான்கு வயதான கன்றுகள். அடுத்த ஆண்டு பூக்க வேண்டியவை. சுற்றியிருந்த துண்டுகளை எல்லாம் ஒரு நிறுவனம் வாங்கிவிட்டது. முருகையாவிடமும் கேட்டார்கள். அவர் தரவில்லை.

இந்த ஆண்டு புதிய படிவம் வந்திருந்தது.

பழைய படிவத்தில், துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கு எதிரே காலி இடம் இருக்கும். முருகையா 'பன்றி' என்று எழுதுவார். புதிய படிவத்தைத் தயாரிக்க ஒரு குழு கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று நாள் கூடியது. காலி இடம் விட்டால் மக்கள் அதில் எதையாவது எழுதிவிடுகிறார்கள் என்பதைக் குழு கண்டுபிடித்தது. ஆகவே பதிலையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்கள்: 'காட்டுப்பன்றியையும் குரங்கையும் சுட்டு ஒழிப்பதற்காக.' விண்ணப்பதாரர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அலுவலகத்துக்கு எதிரே மதார் மைதீனின் சாப்பாட்டுக் கடை. பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு போட்டோஸ்டாட் இயந்திரமும் உண்டு. அலுவலகம் இருக்கும்வரை தன் கடைக்குக் கூட்டம் குறையாது என்று நன்றாகத் தெரிந்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படிவத்தைப் படித்தார்.

"என்னா முருகையா, இதுல குரங்கையும் சேத்திருக்கான்?"

முருகையாவுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி லோகேஸ்வரி கிளாஸைக் கீழே வைத்தாள். "குரங்கா? ஐயய்யோ! அது ஆஞ்சநேயரு பாய்!"

"உங்க சாமிய நான் என்னா செஞ்சேன் தங்கச்சி? அச்சடிச்சதப் படிச்சேன்."

"ரெண்டு வாழப்பழம் தின்னுட்டுப் போவுது. அதச் சுட்டு ஒழிப்பேன்னு இவரு சைன் போட்டுக் குடுப்பாரா?"

"சும்மா காகிதம்தான் லா," என்றார் முருகையா.

"காகிதத்துல போட்டா சாமிக்குத் தெரியாதா? கவர்மென்டுக்கே தெரியுது."

முருகையா எழுந்தார். மதார் மைதீனின் கல்லாவிலிருந்து ஒரு ரூலரை வாங்கினார். 'குரங்கையும்' என்ற இடத்தில், பக்கத்து எழுத்துமேல் படாமல், நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார்.

மதார் மைதீன் ரூலரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பாத்துய்யா. நீங்க எழுதுனத நீங்க வெட்டலாம். அவன் எழுதுனத வெட்டுனா அவனுக்குப் பொறுக்காது."

மூன்றாம் மாடியில் அன்று முருகையாவைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் எண் எடுக்க வேண்டும். இயந்திரம் 1047 என்று கொடுத்தது. பலகையில் 1019 ஓடிக்கொண்டிருந்தது. வராத இருபத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகுதான் இவரை அழைத்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் சந்திரன். கீழே மதார் மைதீன் கடையில் முருகையாவை "அண்ணே" என்று கூப்பிட்டுத் தமிழில் பேசுகிறவன். கண்ணாடிக்குப் பின்னால் அவனுக்குத் தமிழ் தெரியாது. துப்பாக்கியை வாங்கிக் கிடங்கில் வைத்தான். படிவத்தைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். விரலால் ஒரு முறை தடவிக்கூடப் பார்த்தான். பிறகு இந்த விண்ணப்பம் மேலே போகவேண்டியிருக்கிறது என்றும், திரும்பி வரும்வரை துப்பாக்கி கிடங்கிலேயே இருக்கும் என்றும் மலாயில் சொன்னான்.

தேத்தண்ணி நேரத்தில் கீழே வந்தபோது அவனுக்குத் தமிழ் திரும்பியிருந்தது.

"ஏண்ணே வெட்டுனீங்க? எட்டு வருசமா இங்க இருக்கேன். ஒருத்தன்கூட போராங்க, இந்தப் படிவத்த, படிச்சது கெடையாது."

"படிக்காம எப்படிப்பா சைன் போடறது?"

"எல்லாரும் அப்படித்தாண்ணே போடறாங்க!"

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிரிவின் தலைவர் துவான் சத்தியசீலன் நேரில் விசாரிப்பார். அதற்குள் பன்றிகள் மரவள்ளியை முடித்துவிட்டு வாழைக்கு வந்திருந்தன.

சத்தியசீலன் தமிழர். ஆனாலும் அவரை ஐயா என்று அல்ல, மலாயில் துவான் என்றுதான் அழைக்க வேண்டும். பேட்டியின்போது விண்ணப்பதாரரின் முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் முடிவு பாதிக்கப்படும் என்பது அவர் கொள்கை. அதனால் கோப்பைப் பார்த்தே பேசுவார்.

"உட்காருங்க," என்றார் கோப்பிடம். முருகையா உட்கார்ந்தார்.

"குரங்க வெட்டியிருக்கீங்க."

"ஆமா துவான். பன்னிய மட்டும்தான் நான் சுடறது. பதினோரு வருசமா அப்படித்தான்."

"பழசப் பேசாதீங்க. குரங்கு வந்தா என்னா செய்வீங்க?"

"வெரட்டுவேன்."

"எத வச்சு?"

"கையத் தட்டுனாப் போதும் துவான். ஓடிப்போயிரும்."

சத்தியசீலனின் பேனா நின்றது. "அப்ப, துப்பாக்கி இல்லாமயே ஒரு மிருகத்த வெரட்ட முடியும்னு ஒத்துக்கிறீங்க."

"குரங்க, துவான்."

"குரங்கு மிருகம்தான?"

"மிருகம்தான்..."

"பன்னி?"

"அதுவும் மிருகம்தான் துவான், ஆனா..."

"பன்னிக்குக் கை தட்டிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"பாருங்க." சத்தியசீலன் கோப்பை வருத்தத்தோடு பார்த்தார். "முயற்சி பண்ணாமயே முடியாதுன்னு சொல்றது. நம்ம ஆளுங்ககிட்ட இதுதான் பிரச்சனை. நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். முயற்சி பண்ணி இந்த நாற்காலிக்கு வந்தேன். துப்பாக்கி கேட்டா வந்தேன்?"

சத்தியசீலன் நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்த ஆபீஸ் லைசென்ஸ் குடுக்கிற ஆபீஸ்னு வெளிய நெனைக்கிறாங்க. தப்பு. லைசென்ஸ் குடுத்தா, நாளைக்கி ஏதாச்சும் ஆனா, சைன் போட்ட எனக்கு ஆபத்து. குடுக்கலன்னா ஆபத்து யாருக்கு? உங்களுக்கு. ஒரு அரசாங்க அதிகாரி பொதுச் சொத்து மாதிரி. அவனக் காப்பாத்தறதும் பொதுச் சேவைதான். நான் வந்ததுக்கு அப்பறம் இந்தப் பிரிவு குடுத்த துப்பாக்கியால ஒரு விபத்துகூட நடக்கல. ஏன்னா நாங்க குடுக்கறதே இல்ல."

முடிவாக முருகையாவுக்கு ஒரு பதிவேடு வழங்கப்பட்டது. நீல அட்டை, முப்பது பக்கம். முப்பது நாள் பன்றிக்குக் கை தட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் எழுத வேண்டிய கட்டங்கள்: தட்டியவர் பெயர், தட்டிய எண்ணிக்கை, மிருகத்தின் பதில். ஒவ்வொரு பக்கத்திலும் ஊரின் கம்போங் தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் நல்ல மனிதர். முதல் நாள் முருகையாவைக் கவலையோடு பார்த்தார். இரண்டாம் நாளிலிருந்து, பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

முருகையா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. விடியும்போதே போய்த் தட்டினார். பதிவேட்டில் உண்மையை மட்டும் எழுதினார்.

முதல் நாள்: தட்டியது நாற்பது. பதில்: நிமிர்ந்து பார்த்தது. மறுபடியும் தின்றது.

இரண்டாம் நாள்: தட்டியது அறுபது. பதில்: நிமிரவில்லை.

ஆறாம் நாள்: தட்டியது நூறு. பதில்: குட்டிகளைக் கூட்டி வந்தது.

பதின்மூன்றாம் நாள்: தட்டியது இருபது. உள்ளங்கை வீங்கியிருப்பதால் குறைவு. பதில்: இரண்டு டுரியான் சாய்ந்தது.

பத்தொன்பதாம் நாள் முருகையாவின் கை மடங்க மறுத்தது. "விடுங்க, இன்னைக்கி நான் தட்டறேன். கை யாரோடதா இருந்தா என்னா?" என்று லோகேஸ்வரி போனாள். வாழைக்குப் பின்னால் குட்டிகளோடு நின்ற தாய்ப்பன்றி அவளைப் பார்த்து நேராக ஓடிவந்தது. அவள் வடிகாலுக்குள் விழுந்ததால் பன்றி மேலே தாண்டிப் போய்விட்டது. வலது மணிக்கட்டு உடைந்தது.

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, வீங்கிய கையால், முருகையா அன்றைய பக்கத்தை எழுதினார்: தட்டியவர் பெயர், லோகேஸ்வரி. தட்டியது, ஏழு. மிருகத்தின் பதில், வந்தது.

முப்பதாம் நாள் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அலுவலகம் அதை ஆராய்ந்து ஒரு பக்க அறிக்கை அனுப்பியது. கைத்தட்டலுக்கு மிருகம் எதிர்வினை காட்டியிருப்பது பத்தொன்பதாம் நாளில் உறுதியாகிறது என்றும், ஆகவே இந்த முறை முற்றிலும் பயனற்றது என்று சொல்வதற்கில்லை என்றும், நேரில் ஆய்வு தேவைப்படுகிறது என்றும் அதில் இருந்தது.

ஆய்வுக்கு ஏழு பேர் வந்தார்கள். காலை பதினொரு மணி. இரண்டு ஹைலக்ஸ் காடி, ஒரு பதாகை, ஏழு சாப்பாட்டுப் பொட்டலம். டுரியான் கன்றுகளுக்கு நடுவில் பதாகையை விரித்து முதலில் படம் எடுத்துக்கொண்டார்கள். பதாகை நேராக நிற்பதற்காக ஒரு கன்றை வளைத்துக் கட்டினார்கள். அது முறிந்தது.

"பன்னி எங்க?" என்று கேட்டார் சத்தியசீலன், கையிலிருந்த கோப்பிடம்.

"இந்த நேரத்துக்கு வராது துவான். விடியறப்பவும் பொழுது சாயறப்பவும்தான் வரும்."

"அது ஆபீஸ் நேரம் இல்லியே."

"பன்னிக்குத் தெரியாதே துவான்."

யாரோ ஒருவர் சிரித்தார். சத்தியசீலன் திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறியது. முருகையா ஈர மண்ணில் பதிந்திருந்த குளம்படிகளைக் காட்டினார். ஓர் அதிகாரி குனிந்து நாடாவால் அளந்தார். இன்னொருவர் அவர் அளப்பதைப் படம் எடுத்தார்.

"இந்தத் தடம் வெளிய போவுது," என்றார் அளந்தவர்.

"வெளிய போயிருச்சுன்னா அப்பறம் என்னா பிரச்சனை?" என்றார் சத்தியசீலன்.

"உள்ள வர்ற தடமும் இருக்கு துவான், இங்க பாருங்க."

"அது அதுக்கு முந்தினது. வந்துட்டுத்தான போவும்? கடைசி நிலவரம் எதுவோ அதத்தான் நாங்க எழுத முடியும்."

கடைசி நிலவரம் எழுதப்பட்டது: மிருகம் வெளியேறிவிட்டது. லோகேஸ்வரி மாவுக்கட்டுக் கையோடு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். கோப்பைகளை இடது கையால் ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. கடைசிக் கோப்பை வரும்முன் காடிகள் கிளம்பிவிட்டன.

சந்திரனுக்கு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் மதார் மைதீன் கடையில் முருகையாவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணே, ஒரு வழி இருக்கு. குரங்க வெட்டுனதுக்குக் காரணம் மதம்னு போட்டுட்டா விவகாரம் முடிஞ்சிரும். அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு. மதம்னா துவான் பயப்படுவாரு. கோயில்லேர்ந்து ஒரு லெட்டர் மட்டும் கொண்டாங்க. குரங்கு சாமின்னு ஒரு வரி. போதும்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார் மதார் மைதீன். "அந்தப் பொம்பள கை ஒடஞ்சிருக்காது."

"அன்னிக்கி நான் கவுண்டர்ல இருந்தேன் பாய்."

தோட்டத்துக் கோயில் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் தலைவர் சுகுமாறன் ரஹாங் என்ற ஊரில் இருக்கிறார். ஏழு ஆண்டுகளாகத் தலைவர். கோயிலின் பெயரும் தன் பெயரும் அச்சடித்த கடிதத்தாள் ஆயிரம் வைத்திருந்தார். இதுவரை யாரும் அவரிடம் கடிதம் கேட்டதில்லை. அரசாங்கமே கேட்கிறது என்றதும் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு வரி போதுங்க தலைவரே," என்றார் முருகையா.

"ஒரு வரியா? கோயிலுக்கு ஒரு கௌரவம் இல்லியா? நம்ம சமயத்தப் பத்தி அவனுங்களுக்கு ஒரு தடவ வெளக்கமா சொல்ல வேணாமா? நீ போ. நான் எழுதறேன்."

நான்கு நாள் எழுதினார். மூன்று பக்கம் வந்தது. மலாயில் மகள் மொழிபெயர்த்தாள். முருகையா முதல் பக்கத்தைப் படித்தார். குரங்கு ஆஞ்சநேயரின் வடிவம் என்று தெளிவாக இருந்தது. சுகுமாறன் முத்திரை குத்தி உறையை ஒட்டிவிட்டார். அரசாங்கக் கடிதம் இப்படித்தான் போக வேண்டும் என்றார்.

உள்ளே மீதி இரண்டு பக்கங்கள் இருந்தன. பத்து நாள் கழித்து சத்தியசீலன் அதை முருகையாவுக்குப் படித்துக் காட்டினார். அறையில் ஐந்து அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"'எலி விநாயகரின் வாகனம். மயில் முருகனின் வாகனம்.'" சத்தியசீலன் பக்கத்தைத் திருப்பினார். குரல் இளகியிருந்தது. "'காட்டுப்பன்றியானது உலகத்தைக் கடலிலிருந்து தூக்கி நிறுத்திய வராக அவதாரம் ஆகும்.' இது உங்க கோயில் தலைவர் எழுதுனது. முத்திரை இருக்கு."

முருகையா கடிதத்தைச் சுட்டிக்காட்டினார். "துவான், அது புராணத்துல. என் தோட்டத்துக்கு வர்றது வெறும் பன்னி."

"அப்ப உங்க தோட்டத்துக்கு வர்ற குரங்கும் வெறும் குரங்குதான?"

ஐந்து அதிகாரிகளும் தலையாட்டினார்கள்.

"குரங்கு சாமின்னா பன்னியும் சாமி. ஒன்ன வச்சிக்கிட்டு ஒன்ன விட முடியாது. அது பாரபட்சம். இப்ப நெலம என்னான்னு பாருங்க. பதினோரு வருசமா உங்க சாமிய நீங்க சுட்டிருக்கீங்க. அதுக்கு நாங்க வருசா வருசம் முத்திர குத்திக் குடுத்திருக்கோம். இது வெளிய போனா என்னா ஆவும்? மத உணர்வு விவகாரம் ஆவும். என் பென்ஷன் என்னா ஆவும்?" கோப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார், ஆசீர்வாதம் செய்வதுபோல. "நாங்க எல்லா மதத்தையும் மதிக்கிற ஆபீஸ். அதனால உங்க லைசென்ஸ ரத்து பண்றோம். உங்க மனசாட்சிய இனி இந்தப் பிரிவு காப்பாத்தும். நீங்க கவலப்பட வேணாம்."

"என் மரத்த யாரு துவான் காப்பாத்துவாங்க?"

"மரம் எங்க வேல இல்ல."

முருகையா கதவைக் காட்டினார். கதவில் பித்தளைத் தகட்டில் பயிர்க்காவல் ஆயுத உரிமப் பிரிவு என்று பொறித்திருந்தது. "பயிர்க்காவல்னு போட்டிருக்கே துவான்."

"அது பிரிவோட பேரு," என்றார் சத்தியசீலன் பொறுமையாக. "வேல வேற."

துப்பாக்கி அரசுடைமை ஆனது. பெற்றுக்கொண்டதற்கான ரசீதில் சந்திரன் முத்திரை குத்தினான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடியே, உதடு அசையாமல், "மன்னிச்சிருங்கண்ணே," என்றான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் தமிழ் பேசியது அன்று ஒருமுறைதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முள்கம்பி போட்டார், கீழே தோண்டி வந்தன. தகர டப்பா கட்டினார். ஒரு வாரம் பயந்தன. அறுபத்திரண்டு டுரியானில் பதினொன்று மிஞ்சியது. கை உடைந்ததிலிருந்து லோகேஸ்வரி தனியாகத் தோட்டத்துக்குள் இறங்குவதில்லை. ஒருநாள் காலை, வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். மரத்தில் மொட்டு விட்டிருந்தது.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றாள் லோகேஸ்வரி.

"நீ சொல்லலன்னாலும் நான் வெட்டியிருப்பேன்."

அது பொய். அவள் சொல்லியிருக்காவிட்டால் அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். அது அவளுக்கும் தெரியும். மொட்டுக் கிளையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தாள்.

அடுத்த மாதம் நிறுவனம் மறுபடியும் கேட்டது. இந்த முறை முருகையா கொடுத்துவிட்டார்.

நிறுவனம் தன் நிலங்கள் எல்லாவற்றுக்குமாக ஆறு துப்பாக்கிகளுக்கு உரிமம் கேட்டது. அதன் வழக்கறிஞர் படிவத்தில் எதையும் அடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஆறு உரிமங்களும் வந்தன. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த காவலாளிகள் வேண்டும் என்று நிறுவனம் சொல்லி அனுப்பியது. மந்தின் பக்கத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார். காவலாளியும் அதே படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முருகையா போட்டார். வீட்டில் லோகேஸ்வரி என்ன எழுதியிருந்தது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாள் காலை இடது கையால் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

அவருக்குக் கொடுத்த பகுதி ஏழாம் பிளாக். முன்பு அது அவருடைய மூன்றரை ஏக்கர். அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் புல்டோசர் வந்தது. செம்பனை நடுவதற்காக எல்லாவற்றையும் வழித்துத் தள்ளியது. மிஞ்சியிருந்த பதினொரு டுரியானையும் சேர்த்து. பன்றிகளுக்கு ஒரு வருடம் பிடித்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. கன்றுகள் வர இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை, நீலத் தொப்பியும் நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு, செல்லுபடியாகும் உரிமத்தோடு, கையில் துப்பாக்கியோடு, முருகையா வெறும் சிவப்பு மண்ணைக் காவல் காத்தார்.

பன்றி வரவில்லை. குரங்கும் வரவில்லை. குருவிகூட அங்கே இறங்கவில்லை.

நான்காம் மாதம் ஆய்வுக்கு ஹைலக்ஸ் வந்தது. சத்தியசீலன் இறங்கினார், பின்னால் கோப்புகளோடு சந்திரன். நிறுவனத்தின் மேலாளர் குடை பிடித்தார். சத்தியசீலன் செருப்பில் மண் படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, காவலாளியைக் கூப்பிடச் சொன்னார்.

"லைசென்ஸ் குடுத்ததுலேர்ந்து எத்தன பன்னி வந்துச்சு?" என்று கையில் வாங்கிய கோப்பிடம் கேட்டார்.

"ஒன்னும் வரல துவான்."

"குரங்கு?"

"இல்ல துவான்."

"பாத்தீங்களா!" சத்தியசீலன் மேலாளரிடம் திரும்பினார். "மாநிலத்துலயே எங்க பிரிவுக்குத்தான் இந்த ரெக்கார்ட். நூறு சதவீதம். சந்திரன், எழுதிக்க. ஏழாம் பிளாக், சேதம் பூஜ்யம்."

சந்திரன் எழுதினான். காவலாளியின் முகத்தைப் பார்க்காமல் எழுதினான். பயிர் எதுவும் இல்லை என்பதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

சத்தியசீலன் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "ஏழாம் பிளாக்... இது முன்னாடி அந்த ஆளோட நெலம் இல்ல? குரங்கச் சுட மாட்டேன்னு ஒருத்தர், சாமி, அது இதுன்னு?"

"ஆமா துவான்," என்றார் காவலாளி.

"உங்களுக்கு அவரத் தெரியுமா?"

"தெரியும் துவான்."

"எங்க இருக்காரு இப்ப?"

"இங்கதான் எங்கயோ வேல செய்யறாரு."

"நல்லது. பாத்தா சொல்லுங்க." சத்தியசீலன் கோப்பை மூடி, அதன் அட்டையைத் தட்டிக் கொடுத்தார். "ஒரு வருசம் அவருக்காக எவ்வளவு மெனக்கெட்டோம்! நேர்ல வந்தோம், ஏழு பேரு வந்தோம். கோயில் லெட்டர்கூட மூனு பக்கமும் நானே படிச்சேன். இந்த ஆபீஸ்ல வேற யாருக்காச்சும் அப்படிச் செஞ்சிருப்போமா? அவங்களுக்கெல்லாம் இது புரியாது. நெலத்த வச்சிக்கிற பொறுப்பு வேணும், அது எல்லாருக்கும் வராது. என்னா சொல்றீங்க?"

சந்திரன் கையிலிருந்த பேனாவை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மூடினான்.

முருகையா துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"ஆமா துவான்," என்றார்.